மேடையில் கழற்றப்பட்ட தலைக்கவசம்

அனுப்புநர்:
திருமதி பிரமிளா கோகுலன்,
நான்காம் மாடி, அடுக்குமாடிக் குடியிருப்பு,
டத்தோ கிராமாட், ஜார்ஜ்டவுன், பினாங்கு.

பெறுநர்:
உயர்திரு ஹனீபா அவர்கள்,
ஒருங்கிணைப்பு அதிகாரி,
மிதிவண்டிப் பாதுகாப்பு இயக்கம்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு.

பொருள்: மிதிவண்டி ஓட்டும் என் கணவரின் தலைக்கவசம், மிதிவண்டி ஓட்டாத ஒருவருக்கு மரியாதையாக அணிவிக்கப்பட்டது. அதைத் திரும்பப் பெற்றுத் தர வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே புகாரை முறைப்படி மலாய் மொழியில் எழுதித் தங்கள் அலுவலகத்தில் ஏற்கெனவே கொடுத்திருக்கிறேன். கவனத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டது என்று பதில் வந்தது. எடுத்துக்கொண்டு எங்கே வைத்தார்கள் என்றுதான் தெரியவில்லை. கடந்த மார்ச் மாதம் எங்கள் குடியிருப்பில் நடந்த விழாவில் தாங்கள் நல்ல தமிழில் பேசியதை நேரில் கேட்டவள் என்பதால், இம்முறை தமிழில் எழுதத் துணிகிறேன். நான் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறேன். பிறர் குறைகளைத் தட்டச்சு செய்து பழகிய கை இது. தன் குறை என்று வரும்போது கொஞ்சம் நீளமாக எழுதிவிடும். பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

1. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மிதிவண்டி ஓட்டுபவர்கள் தலைக்கவசம் அணிய வேண்டுமா, வேண்டாமா என்ற விவாதத்தில் நான் தங்கள் கட்சி. எங்கள் வட்டாரத்தில் இதற்கு மூன்று கட்சிகள் உண்டு. கட்டாயம் அணிய வேண்டும் என்பது முதல் கட்சி. இதில் இருப்பவர்கள் பெரும்பாலும் காரில் போகிறவர்கள். வெயிலில் வேர்க்கும், முடி கொட்டும், மார்க்கெட்டுக்குப் போக எதற்கு இந்த வேஷம் என்பது இரண்டாம் கட்சி. உண்மையில் மிதிவண்டி ஓட்டுபவர்கள் இதில்தான் இருக்கிறார்கள். மூன்றாம் கட்சியில் ஒரே உறுப்பினர், சூலியா தெருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் காஜா மொய்தீன் அண்ணன். முதலில் சாலையைச் சரி செய்யுங்கள், தலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர் கொள்கை.

என் கணவர் கோகுலன் இரண்டாம் கட்சியின் ஆயுள் உறுப்பினர். தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பின், தினமும் காலையில் காஜா அண்ணன் கடைக்கு மிதிவண்டியில் போய், ஒரு தே தாரிக் குடித்து, நாளிதழை வாசித்து, ஊர் வம்பு பேசித் திரும்புவதுதான் அவருடைய உத்தியோகம். தலைக்கவசத்தைப் பற்றி நான் பேச்செடுத்தால், "நான் என்ன ரேஸுக்கா போறேன், டீ குடிக்கத்தானே போறேன்" என்பார். சென்ற ஆண்டு அவர் கட்சி மாறினார்.

2. எங்கள் தெரு முனையில் மழைநீர்க் கால்வாயின் மேல் ஓர் இரும்புக் கம்பி மூடி இருக்கிறது. அதன் கம்பிகள் சாலை போகும் திசையிலேயே நீளவாக்கில் ஓடுகின்றன. இரண்டு கம்பிகளுக்கு நடுவில் உள்ள சந்து மிதிவண்டிச் சக்கரத்துக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் இருக்கும். கார் சக்கரம் அதில் இறங்காது. ஆகவே அதைப் பற்றி இதுவரை எந்தப் புகாரும் வந்திருக்காது என்று நினைக்கிறேன். என் கணவரின் முன்சக்கரம் அதில் இறங்கியது. சக்கரம் நின்றுவிட்டது, அவர் நிற்கவில்லை. சாலையோரக் கல்லில் தலையின் இடப்பக்கம் மோதியது. மருத்துவர்கள் மண்டையைத் திறந்து, உறைந்த இரத்தத்தை எடுத்து, மூடித் தைத்து, ஆளை உயிரோடு என்னிடம் திருப்பித் தந்தார்கள். அவர்களுக்கு நான் இன்றுவரை நன்றி மட்டுமே எழுதியிருக்கிறேன்.

3. வீடு வந்தவருக்குக் கை கால்கள் நன்றாகவே இருந்தன. பேச்சுதான் போய்விட்டது. தண்ணீர் வேண்டுமென்றால் தம்ளரைக் காட்டுவார். என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் மேசையைத் தட்டுவார். எல்லாம் புரிகிறது, ஆனால் சொல் வாய்க்கு வருவதில்லை. கல்யாணமான நாளிலிருந்து வாய் ஓயாத மனிதர், ஐயா. கொஞ்ச நேரம் சும்மா இருங்களேன் என்று நான் கெஞ்சிய நாள்கள் உண்டு. இவ்வளவு சும்மா இருக்கச் சொல்லி நான் கேட்கவில்லை.

மருத்துவமனையில் பயிற்சி கொடுத்த நூர் ஃபாத்திஹா என்ற பெண் ஒரு நாள் அவரை ஓரிடத்தில் நிற்கும் மிதிவண்டியில் ஏற்றி மிதிக்கச் சொன்னார். மிதிக்க மிதிக்க அவர் வாயில் ஏதோ முணுமுணுப்பு. கிட்டே போய்க் கேட்டால், மெகசின் ரோடு, பினாங்கு ரோடு, சூலியா தெரு. வீட்டிலிருந்து காஜா அண்ணன் கடைக்குப் போகும் வழியை வரிசை மாறாமல் சொல்லிக்கொண்டிருந்தார். ஏன் என்று மருத்துவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கால் ஓடினால் இவருக்கு நாக்கும் ஓடுகிறது, அவ்வளவுதான். ஓட்டட்டும், மெதுவாக, மனைவி பக்கத்தில் நடக்க, தலையில் கவசத்தோடு மட்டும் என்று மருத்துவர் அனுமதி கொடுத்தார்.

4. இந்த நேரத்தில்தான் தங்கள் இயக்கம் எங்கள் குடியிருப்பாளர் சங்கத்தின் வழியாக, மிதிவண்டி ஓட்டுபவர்களுக்கு இலவசத் தலைக்கவசங்கள் வழங்கியது. முதல் பயனாளராக என் கணவரின் பெயர் இருந்தது. அவருடைய தழும்பு கயிறு போல் தடித்திருப்பதால், சாதாரணக் கவசத்தின் உள்பஞ்சு அதன் மேல் அழுத்தி வலி எடுக்கும். அதனால் அவருக்கான கவசத்தை மட்டும் விழாவுக்கு முன்னரே சங்கம் கொடுத்தது. ஃபாத்திஹா தம் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து, இடப்பக்கப் பஞ்சைத் தழும்பின் நீளத்துக்கு வெட்டி எடுத்து, மெல்லிய துணி வைத்துத் தைத்து, தாடைக்கு நீல நிற வாரும் போட்டுக் கொடுத்தார்.

அதை அணிந்துகொண்டு எங்கள் குடியிருப்பின் வாகன நிறுத்துமிடத்தில் என் கணவர் வட்டமடித்தார். நான் கூடவே நடந்தேன். பின்னால் ஒரு கார் வந்தது. "பிரமி, ஓரமா நட, காடி வருது" என்றார். விபத்துக்குப் பிறகு அவர் என் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஓரமாகவே நடந்தேன். கண்ணைத் துடைத்துக்கொள்ள அங்கே தோதாகவும் இருந்தது.

5. விழா நெருங்கிய நாளில் சங்கத் தலைவர் திரு. சந்திரசேகரன் வீட்டுக்கு வந்தார். அவரைப் பற்றி ஒரு வார்த்தையும் தவறாக எழுத எனக்கு மனம் வராது. என் கணவர் மருத்துவமனையில் கிடந்த நாள்களில் நான் சாப்பிட்டது அவர் வீட்டுச் சோறு. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: தலைக்கவசத்தைக் கொஞ்சம் கொடுங்கள், விழாவில் முறைப்படி வழங்க வேண்டும். வாங்கிவிட்ட பொருளை மறுபடி எப்படி வாங்குவது என்று கேட்டேன். வீட்டில் கொடுத்தால் அது சாமான், மேடையில் கொடுத்தால்தான் மரியாதை என்று விளக்கினார். நம் ஆள்கள் நடத்தும் எந்த விழாவிலும் இதுதான் முறை என்பதால் எனக்கும் அது நியாயமாகவே பட்டது. ஒரு பையில் போட்டுக் கொடுத்தேன்.

புறப்படும்போது இன்னொரு புதுமையையும் சொன்னார். சிறப்பு விருந்தினர்களுக்கு இம்முறை பொன்னாடையும் மாலையும் கிடையாது; பொன்னாடை அலமாரியில் தூங்கும், மாலை காய்ந்துபோகும், ஆகவே விருந்தினர்களுக்கும் தலைக்கவசம்தான் அணிவிக்கப்போகிறோம் என்றார். நல்ல யோசனை என்று நானும் பாராட்டினேன்.

6. விழா அன்று விருந்தினர்கள் நடந்து வரும் வழியில் அந்த இரும்பு மூடி இருந்தது. யாருடைய பாதணியும் சிக்கிக்கொள்ளக் கூடாதே என்று அதன் மேல் பலகை போட்டு, சிவப்புக் கம்பளமும் விரித்திருந்தார்கள். எத்தனையோ ஆண்டுகளில் அந்த முனை மிதிவண்டிக்கு ஏற்றதாக இருந்தது அந்த ஒரு மாலையில்தான். ஆனால் கம்பளத்தின் மேல் மிதிவண்டி வரக் கூடாது என்று தொண்டர்கள் தடுத்துவிட்டார்கள். மறுநாள் கூடாரம் போட்டவர் பலகையையும் ஏற்றிக்கொண்டு போனார்.

7. விளக்கு ஏற்றினார்கள். பிறகு விருந்தினர்கள் ஒவ்வொருவராக மேடைக்கு அழைக்கப்பட்டார்கள். ஒவ்வொருவரும் குனிய, தலைவர் கவசத்தை அணிவிக்க, கைதட்டல், படம். ஓர் அம்மையார் கொண்டை நிறைய மல்லிகை வைத்திருந்தார். கவசம் பூவின் மேல்தான் உட்கார்ந்தது, தலைக்கு வரவில்லை. விருந்தினர்கள் தங்களோடு விருந்தினர்களை அழைத்து வந்திருந்தார்கள். பை தூக்கி வந்த ஓர் ஓட்டுநரையும் பிரமுகர் என்று நினைத்து மேடையேற்றி ஒரு கவசம் அணிவித்தார்கள். அவர் மறுத்துப் பார்த்தார், விடவில்லை. பெயர்ப் பட்டியலில் இருந்த மிதிவண்டிக்காரர்கள் பின்வரிசையில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அடுத்த கட்டத்தில் வழங்கப்படும் என்று அறிவித்து, மீ ஹூன் சாப்பாட்டுப் பொட்டலமும், தலைக்கவசம் அணிவீர் என்ற துண்டறிக்கையும் கொடுத்தார்கள்.

முதல் பயனாளர் என்று என் கணவரை மட்டும் மேடைக்கு அழைத்து, நீல வார் வைத்த அந்தக் கவசத்தை அணிவித்துப் படம் எடுத்தார்கள். அவர் முகத்தில் அத்தனை சந்தோஷம். அப்போதுதான் வேறொரு விழாவை முடித்துக்கொண்டு தாமதமாக ஒரு விருந்தினர் வந்து சேர்ந்தார். முக்கியமான விருந்தினர். அவருக்கு அணிவிக்கக் கவசம் இல்லை. பொன்னாடை இல்லை. மாலையும் இல்லை. தலைவர் மேடையைச் சுற்றிப் பார்த்தார். விருந்தினர் அல்லாத ஒரே தலையில் ஒரு கவசம் இருந்தது.

"கோகுலண்ணே, ஒரு நிமிஷம் குடுங்க, அப்புறம் தந்துடுறேன்" என்று சொல்லித் தலைவரே வாரை அவிழ்த்தார். என் கணவர் அவருக்குச் சிரமம் இருக்கக் கூடாதென்று தலையைக் குனிந்து கொடுத்தார். சபை முழுவதும் அந்தத் தழும்பைப் பார்த்தது. நான் மேடை ஓரம்வரை போய்விட்டேன். என் முகத்தைப் பார்த்து அவர், அதுவரை மிதித்துச் சேர்த்த சொற்களில் ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து, "விடு பிரமி. காடியில வர்றவங்களுக்கும் தலை இருக்குதானே" என்றார்.

8. அந்த விருந்தினர் என் கணவரின் கவசத்தை அணிந்தபடியே உரையாற்றினார். நல்ல உரை. தலைக்கவசம் அணிவது நமக்கு நாமே செய்துகொள்ளும் மரியாதை என்றார். அது இல்லாவிட்டால் என்ன கதி நேரும் என்பதற்குப் பக்கத்தில் நின்ற என் கணவரைக் கைகாட்டினார். அந்த நேரத்தில் என் கணவரிடம் தலைக்கவசம் இல்லை என்பது உண்மைதான். பிறகு அடுத்த விழாவுக்கு நேரமாகிவிட்டது என்று கவசத்தோடு காரில் ஏறிப் போனார்.

9. மறுநாள் தலைவரைப் பார்த்தேன். பாவம், அவருக்கே முகம் செத்துப்போயிருந்தது. ஆனால் போர்த்திய பொன்னாடையைப் போய்த் திருப்பிக் கேட்க முடியுமா, சங்கத்தின் மானம் என்ன ஆவது, அடுத்த ஆண்டு மானியம் கிடைக்குமா என்று என்னையே கேட்டார். சங்கத்தில் வேறொரு கவசம் கேட்டு எழுதினேன். செயலாளர் தனுஜா படத்தை எடுத்துக் காட்டி, "ஐயா போட்டுக்கிட்டு நிக்கிறாரே அக்கா" என்றார். என் கணவர் தலைக்கவசம் பெற்றுக்கொண்டதற்கு மறுக்க முடியாத ஆதாரம் அது. ஒருவருக்கு இரண்டு கவசம் விதியில் இல்லை.

கடையில் வாங்க வேண்டியதுதானே என்று தாங்கள் கேட்கலாம். புக்கிட் மெர்தாஜாம் வரை போய் ஒன்று வாங்கினேன். பஞ்சை நானே வெட்டிப் பார்த்தேன். என் கத்திரிக்கோலுக்கு அந்த வேலை கைவரவில்லை. அணிந்த சற்று நேரத்தில் வலி தாங்காமல் அவர் கழற்றிவிட்டார். ஃபாத்திஹா இப்போது கிழக்குக் கரைக்கு மாற்றலாகிப் போய்விட்டார். மருத்துவமனையில் நிற்கும் மிதிவண்டிப் பயிற்சியும் அதோடு முடிந்துவிட்டது. தொலைபேசியில் அவர் சொல்லச் சொல்ல மறுபடியும் வெட்டினேன். அதுவும் சரிவரவில்லை.

10. இதன் பிறகே மலாய் மனுவை எடுத்துக்கொண்டு தங்கள் அலுவலகம் வந்தேன். எண் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கவுண்டர் முன்னால் நின்றபோது, பின்னால் ஓர் அறையின் கண்ணாடி வழியே ஓர் அலமாரி தெரிந்தது. அதில் கேடயங்கள், கோப்பைகள், மடித்து வைத்த பொன்னாடைகள். அவற்றுக்கு நடுவில் நீல வார் தொங்கும் ஒரு தலைக்கவசம். கவுண்டரில் இருந்த ரொஸ்னா என்ற பெண்ணிடம் அது என் கணவருடையது என்றேன். அவர் பண்போடுதான் பதில் சொன்னார்: அது ஐயாவுக்குக் கிடைத்த நினைவுப் பரிசு, நாங்கள் தூசி தட்டக்கூடத் தொடுவதில்லை. புகார் இருந்தால் எழுதிக் கொடுங்கள், சம்பந்தப்பட்ட அதிகாரிக்குப் போய்விடும் என்றார். கொடுத்தேன். அந்த அறையின் கதவைத் திரும்பிப் பார்த்தேன். அதில் தங்கள் பெயர் இருந்தது.

11. ஆம் ஐயா, தாமதமாக வந்த அந்த விருந்தினர் தாங்கள்தான். இதைத் தாங்கள் மறந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். அன்று தங்களுக்கு எத்தனை விழாக்களோ. மேடைக்கு ஏறியவுடன் யாரோ எதையோ அணிவிக்கிறார்கள். அது யார் தலையிலிருந்து வந்தது என்று எந்த விருந்தினரும் கேட்பதில்லை. பொருள் வரியில் ஒருவர் என்று மட்டும் எழுதியதற்கும் அதுவே காரணம். தங்களைப் பற்றித் தங்களிடமே புகார் சொல்வது எப்படி என்று எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை. எங்கள் அலுவலகத்தில் இதற்கு மாதிரி மனு கிடையாது.

ஆனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அன்று மேடையில் என்னிடம் சொன்னதுதான், இன்றுவரை என் கணவர் முழுதாகப் பேசிய கடைசி வாக்கியம். கவசம் இல்லாமல் அவரை மிதிவண்டியில் ஏற நான் விடுவதில்லை. மிதிக்காமல் அவருக்குச் சொல் வருவதில்லை. காலையில் குளித்து, சட்டை மாற்றி, செருப்பு மாட்டிக்கொண்டு வாசல் கதவருகே உட்கார்ந்துவிடுகிறார். நான் இன்றைக்கு இல்லை என்று தலையசைத்தால் செருப்பைக் கழற்றி வைக்கிறார். கோபப்பட்டாலாவது எனக்கு ஆறுதலாக இருக்கும். அதற்கும் சொல் வேண்டியிருக்கிறதே. காஜா அண்ணன் கடையிலிருந்து வீட்டுக்கே வந்து பார்த்தார். இரண்டு பேரும் நாளிதழை நடுவில் வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு என் கணவரின் குரல் வேண்டும், ஐயா. நீளமாக எழுதியதன் சாரம் இவ்வளவுதான்.

12. ஆகவே கீழ்க்காணும் வேண்டுகோள்களைத் தங்கள் மேலான பார்வைக்கு வைக்கிறேன்.

அ. தங்கள் அலமாரியில் இருக்கும் தலைக்கவசத்தை என்னிடம் ஒப்படைக்க வேண்டும். தங்களுக்குச் செய்த மரியாதை குறைந்துபோகுமே என்ற கவலை வேண்டாம். தங்களுக்கு ஏற்ற நல்ல பொன்னாடை ஒன்றை நானே வாங்கி வைத்திருக்கிறேன். சரிகை போட்டது. கையோடு கொண்டு வருகிறேன்.

ஆ. தெரு முனையில் உள்ள இரும்பு மூடியின் கம்பிகளைக் குறுக்குவாட்டில் மாற்றிப் பொருத்த, உரிய இடத்துக்குப் பரிந்துரைக்க வேண்டும். அது முடியாதென்றால், அடிக்கடி விருந்தினர்களையாவது அனுப்பி வைக்க வேண்டும். அவர்கள் வரும் நாளில் பலகை போடுகிறார்கள்.

இ. பின்வரிசையில் கைதட்டிய மற்ற மிதிவண்டிக்காரர்களுக்கும் அடுத்த கட்டம் எப்போது என்று தெரிவிக்க வேண்டும். அந்தத் துண்டறிக்கையை அவர்கள் பத்திரமாக வைத்திருக்கிறார்கள், ஆனால் அதைத் தலையில் கட்டிக்கொள்ள வழியில்லை.

கடைசியாக ஒன்று. கவசத்தைத் திருப்பித் தர மனம் இரங்கினால், தயவுசெய்து அதற்கென்று விழா எதுவும் வைத்துவிட வேண்டாம். ரொஸ்னாவிடம் சொல்லி ஒரு பையில் போட்டு வைக்கச் சொன்னால் போதும், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். விழா என்றால் விருந்தினர்கள் வருவார்கள். விருந்தினர்கள் வந்தால் ஒன்று குறையும். என் கணவர் மறுபடியும் தலையைக் குனிந்து கொடுப்பார்.

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,

(பிரமிளா கோகுலன்)

இடம்: டத்தோ கிராமாட், பினாங்கு
நாள்: 14.7.2025